முதல் நாளே மூளைக்குப் போகும் மாத்திரை மூன்றாவது வாரம் வரை என்ன செய்துகொண்டிருக்கிறது?

"டிப்ரஷனுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. வயிற்றைப் பிரட்டியதுதான் மிச்சம், மனசில் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரட்டலை டாக்டரிடம் சொல்லுங்கள், இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள். டிப்ரஷன் மாத்திரையால் தேறியவர்களில் பலரும் இந்தப் பத்தாம் நாளைக் கடந்தவர்கள்தான். அந்த நாளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் பொறுத்துக்கொள்வது கொஞ்சம் எளிது.

பள்ளியில் படித்ததுதான்: இரண்டு நியூரான்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சிறு இடைவெளி. முதல் நியூரான் அதில் ஒரு ரசாயனத்தைக் கொட்டும், எதிர்ப்பக்க ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் கொட்டியதை முதல் நியூரானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சுவதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. பெயர் செர்ட். செல்லின் சவ்வைப் பன்னிரண்டு முறை குறுக்கே தைத்துக்கொண்டு நிற்கும் நீளமான சங்கிலி அது. நடுவில் ஒரு பை. பை வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது ஒரு செரட்டோனின், ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி மூன்றும் உள்ளே வந்து உட்காரும். உடனே வெளிவாய் மூடி உள்வாய் திறக்கும். சரக்கு செல்லுக்குள் இறங்கியதும் ஒரு பொட்டாசியம் அயனி ஏறிக்கொள்ள, பை பழையபடி வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பும்.

எஸ்சிடலோபிராம் வந்து உட்காருவது சரியாக அந்தப் பையில்தான். உட்கார்ந்ததும் புரதம் வெளிவாய் திறந்த நிலையிலேயே உறைந்துவிடும், மூடவும் முடியாது, திரும்பவும் முடியாது. 2016இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் எரிக் குவோ குழுவினர் இந்த நிலையை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். அதில் இன்னொரு அழகும் தெரிந்தது. பைக்குள் ஒரு மருந்து மூலக்கூறு இருக்க, வாசலிலேயே இரண்டாவது மூலக்கூறு ஒன்று குறுக்கே உட்கார்ந்து, உள்ளே இருப்பது வெளியேறாதபடி வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

மாத்திரை விழுங்கிய ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் இதன் அளவு உச்சத்தைத் தொடும். தினமும் ஒன்று போட்டால் ஒரு வாரத்தில் அளவு நிலைப்பட்டுவிடும். ஆக, உறிஞ்சும் புரதங்களின் அடைப்பு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. பிறகு ஏன் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் செரட்டோனின் சுரப்பவை சில லட்சம் மட்டுமே. மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ராஃபே என்ற சிறு திட்டுகளில் அவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அங்கிருந்துதான் கிளைகள் மூளை முழுக்க ஓடுகின்றன. தேவையில்லாமல் அதிகம் சுரந்துவிடக் கூடாது என்று அந்த நியூரான்கள் தங்கள் உடல் மீதே ஓர் உணரியை வைத்திருக்கின்றன. 5-எச்.டி.1ஏ என்ற தன்னேற்பி அது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் சென்சாரைப் போன்றது. ஆனால் இங்கே சென்சார் இருப்பது தொட்டியில் அல்ல, மோட்டாரின் தலையிலேயே.

மாத்திரை உள்ளே போகிறது, உறிஞ்சல் நிற்கிறது, ராஃபேயில் நியூரான் உடல்களைச் சுற்றி செரட்டோனின் சேர்கிறது. சென்சார் அதைப் பார்த்து, "போதும்" என்று மோட்டாரை அணைக்கிறது. நியூரான்கள் துடிக்கும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது. ஒருபக்கம் உறிஞ்சலைத் தடுத்து நாம் சேமித்ததை, மறுபக்கம் சுரப்பைக் குறைத்து மூளை ஈடுகட்டிவிடுகிறது. கிளைகளின் நுனியில், அதாவது உண்மையில் வேண்டிய இடத்தில், பெரிய உயர்வு எதுவும் இல்லை. மாண்ட்ரியாலில் க்ளோட் தெ மோந்திஞி, பியர் ப்ளியே இருவரும் எலிகளின் ராஃபே நியூரான்களில் மின்முனை வைத்து இதை அளந்தார்கள். முதல் நாட்களில் துடிப்பு வீழ்ந்தது. தொடர்ந்து மருந்து கொடுக்க, இரண்டு மூன்று வாரத்தில் பழைய வேகத்துக்கே வந்துவிட்டது. விடாமல் செரட்டோனினில் நனைந்துகொண்டிருந்த தன்னேற்பிகள் மெல்ல மெல்லச் சொரணை இழந்திருந்தன. இப்போது உறிஞ்சலும் இல்லை, பிரேக்கும் இல்லை. நுனிகளில் செரட்டோனின் உயர்வது அப்போதுதான்.

ஒரு விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. பார்சிலோனாவில் ஃபிரான்செஸ்க் அர்டிகாஸ் குழுவினர் 1994இல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பிண்டோலால் என்ற பிளட் பிரஷர் மாத்திரைக்கு இந்தத் தன்னேற்பியை மறிக்கும் பக்கக் குணம் உண்டு. பிரேக் கதை சரியானால், டிப்ரஷன் மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் குணம் சீக்கிரம் தெரிய வேண்டும். பிறகு வந்த பல ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்ததில், முதல் இரண்டு வாரத்தில் ஓரளவு வேகம் தெரிந்தது, அதற்குப் பிறகு வித்தியாசம் இல்லை. பிரேக் என்பது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை.

மீதியில் ஒரு பகுதி ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மரின் ஆய்வுகளில் கிடைக்கிறது. மனச்சோர்வில் இருப்பவருக்கு, சலனமில்லாத முகம்கூடச் சோகமான முகமாகத் தெரியலாம். பாராட்டு காதில் ஏறாது, குறை மட்டும் ஏறும். மருந்து இந்தச் சாய்வை முதல் சில நாட்களிலேயே குறைக்க ஆரம்பித்துவிடுகிறது, நோயாளிக்கே தெரியாமல். மனநிலை மட்டும் உடனே மாறுவதில்லை. சாய்வு குறைந்த கண்ணோடு வீட்டிலும் வேலையிலும் மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, அந்த அனுபவம் சேர்ந்த பிறகுதான் மனசு தெளிகிறது. கவுன்சலிங்கும் மாத்திரையும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நல்ல பலன் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனில் ஜோவானா மான்கிரீஃப் குழுவினர் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, "செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது" என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. உடனே "மாத்திரையெல்லாம் பொய்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தலைவலி பாராசிட்டமால் குறைபாட்டால் வருவதில்லை, ஆனாலும் பாராசிட்டமால் கேட்கிறது. நோயின் காரணம் வேறு, மருந்து வேலை செய்யும் வழி வேறு.

எவ்வளவு வேலை செய்கிறது? 2018இல் ஆந்திரேயா சிப்ரியானி குழுவினர் 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சோதித்த 21 மருந்துகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல். வித்தியாசம் பிரமாண்டமானதல்ல. இப்படிப்பட்ட ஆய்வுகளில் நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு மருந்தில் நல்ல முன்னேற்றம் என்றால், வெற்று மாத்திரையில் முப்பத்தைந்து முதல் நாற்பது பேர். முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தேறுபவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு டோஸை ஏற்ற வேண்டும், அல்லது மருந்தை மாற்ற வேண்டும். அது தோல்வி அல்ல, வைத்தியத்தின் வழக்கமான அடுத்த படி. சரியான டோஸில் நான்கு வாரம் கடந்தும் துளி மாற்றமும் இல்லையென்றால் தாராளமாக டாக்டரிடம் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

குணம் தெரிகிறவர்களுக்கு அது வரும் வரிசை கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் முதலில் தூக்கம், பசி, படபடப்பு ஆகியவை சீராகும். சாப்பாட்டில் ருசி தெரியும். மூன்று நாளாகத் தள்ளிப்போட்ட குளியல் தானாக நடக்கும். எரிச்சல் குறைந்ததை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் சொல்வார்கள். சம்பந்தப்பட்டவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். மனசுக்குள் ஓயாமல் ஓடும் பழைய கணக்குகளின் சத்தம் அடுத்து தணியும். ஆசை, ஆர்வம், சிரிப்பு எல்லாம் கடைசியில்தான். பலர் சொல்வது "சந்தோஷமாக இருக்கிறேன்" என்றல்ல, "பழையபடி இருக்கிறேன்" என்று. மாத்திரை போதை தருவதில்லை. நோயில்லாதவர் போட்டால் குஷி ஏறுவதும் இல்லை.

இந்த வரிசையில் ஓர் ஆபத்தும் உண்டு. உடலில் தெம்பு முதலில் வந்து, மனச்சுமை பிறகுதான் இறங்கும். 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. முதல் மாதம் வீட்டில் ஒருவர் கூடவே கவனித்துக்கொள்வது நல்லது. அப்படி எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே பேச வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இனி அந்தப் பிரட்டல். உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில். மூளையில் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும் அதே நாட்களில் குடலில் செரட்டோனின் தடையில்லாமல் கூடுகிறது. அதனால்தான் குமட்டலும் பேதியும் முதலில், பலன் பிறகு. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடுவது, முதல் வாரம் 5 மி.கி. மட்டும் போட்டுப் பிறகு 10க்குப் போவது இரண்டும் உதவும். தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் சொக்கினால் இரவிலும் போடலாம். உடலுறவில் நாட்டம் குறைவதும் உச்சம் தாமதமாவதும் மட்டும் தானாகப் போகாமல் நிற்கக்கூடியவை. கூச்சப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் ஏராளம். சொன்னால் டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம்.

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யும் குளோனாசெபாம் 0.5 மி.கி.யும் ஒரே மாத்திரையாகக் கலந்து வருவது சகஜம். ஆரம்பப் படபடப்பைக் குளோனாசெபாம் அன்றே அடக்கும். இரண்டு முதல் நான்கு வாரம்தான் அதன் வேலை. சிக்கல் என்னவென்றால், குணம் தெரிந்தவர் மறுபடி டாக்டரைப் பார்க்காமல் பழைய சீட்டையே மெடிக்கலில் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார். பழக்கம் ஏற்படுத்துவது குளோனாசெபாம், கெட்ட பெயர் வாங்குவது எஸ்சிடலோபிராம். குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உங்கள் அட்டையைத் திருப்பி, எத்தனை மருந்துகளின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில. வலிக்கு டிராமடால், நோய்த்தொற்றுக்கு லினசோலிட், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் எடுத்தால் செரட்டோனின் அளவு மீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். மூட்டுவலிக்கு டிக்ளோஃபினாக் தினசரி போடுபவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பிளட் பிரஷருக்குச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். ஆரம்பித்த சில வாரத்தில் பெரியவர் தடுமாறினாலோ உளறினாலோ முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். முன்பு எப்போதாவது, தூக்கமே இல்லாமல் நாட்கணக்கில் அளவுகடந்த உற்சாகத்தோடு செலவும் பேச்சுமாக இருந்ததுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். அது இருதுருவக் கோளாறு (பைபோலார்) என்றால் இந்த மாத்திரை மட்டும் தனியாகப் போய் அந்த அளவுகடந்த உற்சாகத்தைக் கிளப்பிவிடலாம்.

இத்தனை தெரிந்தும், எந்த நோயாளிக்கு எந்த மாத்திரை என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை நம் கையில் இல்லை. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். 2010 வாக்கில் பெரிய கம்பெனிகள் பல மூளை ஆராய்ச்சியிலிருந்து கையைக் கழுவிக்கொண்டன. காப்புரிமை முடிந்து சில ரூபாய்க்கு விற்கும் மாத்திரைகளை ஒப்பிட்டு ஆராய எந்தக் கம்பெனியும் காசு போடாது, அரசுதான் போட வேண்டும். தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. செய்வினை எடுக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் குடும்பங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை "பழக்கமாகிவிடும்" என்று தவிர்ப்பதைப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் பிரச்சினை இல்லை. போய்விட்டு வந்து மாத்திரையும் போடலாம்.

கடைசியாக, நிறுத்துவது. முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுதாகத் தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. நிறுத்தும் கணக்கு பலர் நினைப்பதுபோல் நேர்கோடு அல்ல. எஸ்சிடலோபிராமின் முன்னோடி மருந்தான சிடலோபிராமில் 20 மி.கி. போட்டாலே செர்ட் புரதங்களில் சுமார் 80 சதவீதம் அடைபட்டுவிடும். 40 ஆக்கினாலும் 86ஐ ஒட்டித்தான். இறங்கும்போது இதே வளைவு தலைகீழாக வேலை செய்யும். 40இலிருந்து 20க்கு வருவது மூளைக்குச் சின்ன மாற்றம். சுமார் 5 மி.கி.யிலும் 60 சதவீதம் அடைப்பு இருக்கும், அங்கிருந்து பூஜ்யத்துக்குக் குதிப்பதுதான் பெரிய பள்ளம். ஆகவே கடைசிப் படிகளைத்தான் மிகச் சிறிதாக வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சில வாரம் இடைவெளி விட்டு. மாத்திரையைப் பாதி, கால் என்று உடைக்கலாம், அதற்கும் கீழே போக சொட்டு மருந்து வடிவம் கிடைக்கிறதா என்று கேட்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது மட்டும் வேண்டாம், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற இன்னொரு டிப்ரஷன் மாத்திரை இதில் விதிவிலக்கு. அதுவும் அது சிதைந்து உருவாகும் பொருளும் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் தன்னைத்தானே மெதுவாகக் குறைத்துக்கொள்ளும்.

குறைத்த சில நாட்களுக்குள் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் வெட்டு, காரணமில்லாத அழுகை வந்து, பழைய டோஸுக்குத் திரும்பிய ஓரிரு நாளில் அடங்கினால் அது மருந்து குறைந்ததன் எதிர்வினை. படி பெரிதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்திப் பல வாரம் நன்றாக இருந்துவிட்டு, தூக்கமும் ஆர்வமும் மெல்ல மெல்லக் கழன்றுபோனால் அது நோய் திரும்புவது. முதலாவதற்கு இன்னும் மெதுவாக இறங்க வேண்டும், இரண்டாவதற்கு மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும்.