ட்ரோலிங்: இழுவலை அல்ல, இழுதூண்டில்

படகு மெதுவாக ஓட, இரை கோத்த தூண்டிலை அதன் பின்னால் நீருக்குள் இழுத்துச் செல்லும் மீன்பிடி முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக் காத்திருப்பதில் மீன் இரையைத் தேடி வர வேண்டும். இங்கே இரைதான் மீனைத் தேடிப் போகிறது. நீர்ப்பரப்பு பெரிது, மீன்கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது என்னும் இடங்களுக்கு ஏற்ற முறை இது.

'ட்ரோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் அலைதல், உருளுதல். வேட்டை நாய்கள் இரையைத் தேடி அலைவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு இதை உறவுபடுத்துவார்கள். மீன்பிடிப் பொருள் 1600 வாக்கில் வந்து சேர்ந்தது. வடதேசக் கதைகளில் வரும் 'ட்ரோல்' பூதம் வேறு சொல். இணையத்தில் ஒருவரைச் சீண்டுவதைக் குறிக்கும் 'ட்ரோல்' 1990களில் பரவியது; சீண்டலை இரையாக வீசி, யார் கடிக்கிறார்கள் என்று பார்ப்பதால் தூண்டிலிலிருந்து போன பெயர் என்பார்கள். பூதத்தின் சாயல் அதில் பிறகு ஏறிக்கொண்டது. தமிழில் அதற்கு 'வம்பிழுத்தல்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. இழுப்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் எழுதும்போது நேரும் பெரிய குழப்பம் 'ட்ராலிங்' உடன்தான். அது கடலடியில் வலையை இழுத்து வாரிக்கொண்டு வருவது. தமிழ்நாட்டில் இழுவலை, ஈழத்தில் இழுவைமடி. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது அந்த அடிமடி இழுவையை. ட்ரோலிங்கில் வலையே கிடையாது. ஒரு தூண்டில் நரம்பு, ஒரு முள், ஒரு மீன். ஆகவே 'இழுவை மீன்பிடிப்பு' என்று பொதுவாக எழுதினால் படிப்பவர் வலையைத்தான் நினைப்பார். 'இழுதூண்டில்' என்றால் அந்தச் சந்தேகம் வராது. ஒரே கயிற்றில் பல முட்கள் கட்டும் ஆயிரங்கால் தூண்டில் என்ற வழக்கு இருப்பதால் காதுக்கும் அந்நியமில்லை.

இந்த முறைக்குப் பேர்போன மீன்களில் ஒன்று வட அமெரிக்க நன்னீரில் வாழும் வால்ஐ. நம் ஊர் வாளைக்கும் இதற்கும் உறவில்லை. இது பெர்ச் குடும்பம். கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் கண் வெளிறித் தெரியும். ஆங்கிலத்தில் 'வால்ஐ' என்றால் வெளிறிய கண்; பெயரும் அதனால்தான். மங்கிய ஒளியில் நன்றாகப் பார்க்கும். விடியலிலும் அந்தியிலும் அதிகம் கடிப்பது இதனால். கனடாவின் ஒன்ராறியோவில் இதே மீனைப் பிக்கரல் என்று விற்பார்கள். பெயரை வைத்து வேறு மீன் என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி ஏரியில் வால்ஐக்கு இழுதூண்டில் இப்படி நடக்கும். நீர் குளிர்ந்திருக்கும் வசந்தத்தில் மணிக்கு 1 முதல் 1.5 மைல் வேகம். கோடையில் செயற்கை மீன் கட்டினால் 2 முதல் 2.5 வரை போகலாம். மண்புழு கோத்த சுழல்தகட்டுத் தூண்டிலுக்கு 1 மைலை ஒட்டிய வேகமே போதும். புழுவை நேராக நீட்டிக் கோக்க வேண்டும். மடிந்திருந்தால் புழுவே சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அடித்தரையைத் தட்டி வரும் கம்பியில் பொருத்திய ஈயமானால் 10 அடி ஆழத்துக்கு 1 அவுன்ஸ் என்பது கணக்கு. நரம்பு சுமார் 45 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும். நடுநீரில் இழுக்க, 50 அடி நரம்பு விட்டு, 2 அவுன்ஸ் ஈயத்தை நரம்பில் கவ்வவிட்டு, மேலும் 50 அடி விடுவார்கள். வால்ஐ மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும். தூண்டில் இரை வால்ஐக்குச் சற்று மேலே போனால் கடிக்கும், கீழே போனால் வீண்.

ஜிபிஎஸ் காட்டுவது தரையை ஒட்டிய வேகம். நீரோட்டத்துக்கு எதிரே போகும்போது இரை அதைவிட வேகமாக ஓடுகிறது, கூடவே போகும்போது மெதுவாக. ஒரு திசையில் கடித்த மீன் திரும்பி வரும்போது கடிக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திருப்பத்தைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத்தது வேகம் கூடி எழும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அதுவே அன்றைய வேகத்துக்கு விடை. கோல்நுனியின் துடிப்பு நின்றுவிட்டால் முள்ளில் பாசி மாட்டியிருக்கிறது. இழுத்துப் பார்க்காமல் மணிக்கணக்கில் சுற்றுவது வெட்டி வேலை.

நரம்புகளைப் படகின் இருபுறமும் அகற்றி விரிக்கப் பிளேனர் பலகைகள் உண்டு. தூரத்துப் பலகையை முதலில் விட வேண்டும், கிட்டத்துப் பலகையைக் கடைசியில். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நாலு கோல் போதும். ஆறு வைத்தால் முதல் திருப்பத்திலேயே சிக்கு. சட்டப்படி ஒருவருக்கு எத்தனை கோல், எத்தனை மீன் என்பது இடத்துக்கு இடம் மாறும், உரிமச் சீட்டோடு அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் மாட்டியதும் இயந்திரத்தை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நின்றால் மற்ற ஈயங்கள் அடியில் இறங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் போதும். ஒருவர் சுக்கான், ஒருவர் ரீல், ஒருவர் கைவலை. ரீல் சுற்றும் பிள்ளை நரம்பைத் தளரவிடக் கூடாது. கைவலை பிடிப்பவர் மீனை வால்பக்கமாகத் துரத்தாமல், தலை முதலில் உள்ளே வரும்படி ஏந்த வேண்டும்.

ஈரியின் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் சுமார் 24 அடிதான். ஆழம் குறைவு என்பதால் காற்று எழுந்ததும் அலை குறுகிச் செங்குத்தாகிவிடும். உயிர்காப்புச் சட்டையைப் பிள்ளைகள் கரையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். காற்று எழுந்தபின் தேடுவதற்கு நேரம் இருக்காது.