சாவியை எடுத்தாச்சு, லைட்டை அணைச்சாச்சா?

பனிக்காலத்தில் காலை ஏழு மணிக்குக் குன்னூரிலிருந்து இறங்கினால் பாதி மலை வரைக்கும் மூட்டம் விடாது. ஹெட்லைட் போட்டுக்கொண்டுதான் ஊர்ந்து வர வேண்டும். கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது சுள்ளென்று வெயில் அடிக்கும். அப்படி ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வேலையாகப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருகினால் செல்ப் எடுக்கவில்லை. ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் தள்ளிவிட, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுத்தான் எங்கள் 1999 மாருதி 800 கிளம்பியது.

ராத்திரியில் லைட்டை அணைக்க மறப்பவர்கள் குறைவு. எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும். மூட்டத்திலும் அடைமழையிலும் போட்ட லைட்டைத்தான் வெயிலில் மறந்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்ல ஒரு பஸ்ஸர் வேண்டும். இப்போது வரும் கார்களில் இது சாதாரணம். பழைய வண்டியில் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. முன் விளக்கு ஒவ்வொன்றும் 55 வாட், இரண்டுக்கும் சேர்த்து 110. பார்க்கிங் விளக்குகள் நான்கும் நம்பர் பிளேட் விளக்கும் ஆளுக்கு 5 வாட் என்றால் இன்னொரு 25. மொத்தம் 135 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 11 ஆம்பியருக்கு மேல் வருகிறது. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. அப்படியானால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. அந்த 35 என்பது 20 மணி நேரத்துக்கு மெதுவாக, அதாவது 1.75 ஆம்பியர் வீதம் இழுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் அமிலம் தகடுகளின் உள்ளே ஊறிப் போய்ச் சேர நேரம் போதாது, கொள்ளளவு சுருங்கிவிடும். முழுதும் தீர்வதற்கு வெகுமுன்பே செல்ப் மோட்டாரைச் சுற்றும் தெம்பு போய்விடும். அதற்கு ஒரு நொடி நேரமாவது நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டுமே.

தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாலும் பேட்டரிக்கு ஏற்பட்ட காயம் அப்படியேதான் இருக்கும். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சட்டென்று பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. அடிவரை வடித்துவிட்டால் தகடு முழுக்க ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் செய்தால் அது கரைந்து மீண்டுவிடும். நாலு நாள் அப்படியே விட்டால் படிகம் கெட்டித்துப்போய் அந்த அளவு இடம் பயனில்லாமல் போகும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி என்று அர்த்தம்.

சாவியை எடுத்ததும் லைட்டும் தானாக அணைகிற மாதிரி செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் பின்னால் வருபவருக்குத் தெரிய விளக்கு எரிய வேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகளில் லைட் சுவிட்சுக்கு, சாவி திருகும் இக்னிஷன் சுவிட்சைத் தொடாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் வருகிறது. அது சரியான ஏற்பாடு, அதை மாற்ற வேண்டாம்.

பஸ்ஸர் எப்போது கத்த வேண்டும்? லைட் எரிகிறது, ஆனால் இக்னிஷன் ஆஃப். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ‘சிப்’ எதுவும் வேண்டாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பஸ்ஸரின் பாசிட்டிவ் காலைப் பார்க்கிங் விளக்குக்குப் போகும் ஒயரில் கொடுங்கள். நெகட்டிவ் காலை வழக்கம்போல எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் வண்டியின் உடம்பில் கொடுக்காமல், இக்னிஷன் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரில் கொடுங்கள். அவ்வளவுதான்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே தண்ணீர் ஓடும்? வண்டி ஓடும்போது லைட் ஒயரிலும் 12 வோல்ட், இக்னிஷன் ஒயரிலும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் ஒரே மட்டம், மின்சாரம் ஓட வழியில்லை, பஸ்ஸர் வாயைத் திறக்காது. சாவியை எடுத்ததும் இக்னிஷன் ஒயர் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அப்போது லைட் மட்டும் எரிந்தால் மேடு பள்ளம் உண்டாகிப் பஸ்ஸர் கத்துகிறது.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது எனக்கே நடந்தது. இக்னிஷன் ஒயராக ஸ்டீரியோவுக்குப் போகும் சாவி ஒயரைப் பிடித்தேன். சாவியை எடுத்தேன், லைட் எரிந்தது, பஸ்ஸர் மூச்சுவிடவில்லை. அரைமணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்த பிறகுதான் புரிந்தது. சாவியை எடுத்த பிறகு ஒரு ஒயர் பள்ளமாக இருக்க வேண்டுமென்றால், அதன் மறுமுனையில் எர்த்துக்குப் போகும் பாதை ஏதாவது இருக்க வேண்டும். ஸ்டீரியோவின் சாவி ஒயர் அதற்கு விழித்துக்கொள்ளச் சொல்லும் சமிக்ஞை மட்டுமே, மின்சாரத்தைக் கடத்திவிடாது. மீட்டர் போர்டுக்குப் போகும் ஒயரில் பெட்ரோல் முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும் தொங்குகின்றன. பஸ்ஸர் இழுக்கும் 20 மில்லியாம்பியர் அவற்றின் வழியாகத் தாராளமாக எர்த்துக்குப் போய்விடும், அந்த விளக்குகளும் எரியாது. ஒயரை மாற்றியதும் கத்திவிட்டது.

இரண்டாவது, பகலில் லைட் போடாமல் வண்டி ஓட்டும் நேரம். இப்போது இக்னிஷன் ஒயர் மேடு. லைட் ஒயர், அணைந்திருக்கும் பல்பின் இழை வழியாக எர்த்தைத் தொடுகிறது, அது பள்ளம். மின்சாரம் பஸ்ஸருக்குள் தலைகீழாகப் பாயப் பார்க்கும். இதைத் தடுக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 என்ற டயோடு ஒன்றை நெகட்டிவ் பக்கத்தில் போட வேண்டும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருளை. அதில் வெள்ளிக் கோடு இருக்கும் முனை இக்னிஷன் பக்கம். திருப்பிப் போட்டால் லைட்டை மறந்தாலும் பஸ்ஸர் கத்தாது, பகலில் பாயப் பார்க்கும் தலைகீழ் மின்சாரமும் தடுக்கப்படாது.

ஹெட்லைட் ஒயரை விட்டுப் பார்க்கிங் ஒயரைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பல ஜப்பானிய வகைக் கார்களில் ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். அங்கே இந்த ஏற்பாடு குழம்பிவிடும். ஹெட்லைட் எரியும்போது பார்க்கிங் விளக்கும் எரிவதால் அதுவே போதும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள். பியூஸுக்குப் பிறகு வரும் இடத்தில் எடுங்கள், கூடவே 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று. ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் சால்டரிங் செய்தால் அதிர்வில் கழன்றுகொள்ளாது.

கடையில் கேட்க வேண்டியது 12 வோல்ட் பீசோ பஸ்ஸர். என்னுடைய பழைய பஸ்ஸர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். காசு மாதிரி மெல்லிய பித்தளை வட்டு, அதன்மேல் வெள்ளைப் பீங்கான் பூச்சு, ஓரத்தில் சின்னச் சுற்று ஒன்று. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் வடிவம் மாறும் என்பது அதன் மறுபக்கம். அந்தச் சின்னச் சுற்று நொடிக்குச் சில ஆயிரம் முறை மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்க, வட்டு அதே வேகத்தில் வளைந்து நிமிர்கிறது. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி நம் காதுக்கு மிக நன்றாகக் கேட்கும், அதனால்தான் இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இத்தனை கூச்சல்.

வாங்கும்போது மேலே இருக்கும் துளையை மூடி ஒரு ஸ்டிக்கர் இருக்கலாம். அதை உரித்துவிட்டு, துளை கீழே பார்க்கும்படி ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். சத்தம் அதிகம் என்று தோன்றினால் துளைமேல் டேப் ஒட்டிக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலும் கேட்க வேண்டும் என்பதால் நான் ஒட்டவில்லை.