அந்த இருபது பைசாவுக்காக அலைய வேண்டாம், அண்ணாச்சி

திருநெல்வேலி-தென்காசி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் பதினாலு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். வாரத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுவார், "அண்ணாச்சி, டவுன் பக்கம் இருபது பைசா கம்மியாமே, நீங்க மட்டும் ஏன் கூடப் போடுதிய?" என்று. நாங்கள் விலை போடுவதே இல்லை. 2017 ஜூன் 16-லிருந்து எண்ணெய்க் கம்பெனி அனுப்புகிற ரேட்தான் தினமும் காலை 6 மணிக்கு மிஷினில் ஏறுகிறது, பல மாசம் அதே எண்ணாக நின்றாலும் சரி. எங்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன், அதுவும் அவர்கள் குறித்ததுதான்.

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று அரசுக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் விற்கின்றன. கம்பெனியின் எண்ணெய் டிப்போவிலிருந்து டேங்கர் லாரி எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ அந்த வாடகையில்தான் ஊருக்கு ஊர் பைசாக் கணக்கு மாறும். இருபது பைசா குறைவு என்று பைக்கில் போய்வர ஆறு கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில் பதிமூன்று ரூபாய் பெட்ரோல் எரியும். ஐந்து லிட்டர் போட்டு மிச்சம் பிடித்தது ஒரு ரூபாய்.

அலைச்சலுக்குப் பலன் உண்டென்றால் அது கேரள எல்லையில் இருக்கிற புளியரைப் பக்கம்தான். கேரள வண்டிகள் மலை ஏறுவதற்கு முன்னால் இங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் முழுக்க வரி. நம் மாநிலத்தில் பெட்ரோலுக்கு 2021 ஆகஸ்டில் 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசுமாக வரியைக் குறைத்தார்கள். அங்கே வரி முதலிலேயே கூடுதல், 2023 ஏப்ரலில் அதற்கு மேல் இரண்டு ரூபாய் செஸ் வேறு.

அப்படியென்றால் போட்டியே கிடையாதா? உண்டு, தனியார் பங்க் வருகிற இடத்தில். 2021 நவம்பரிலிருந்து 137 நாள் கச்சா எண்ணெய் ஏறியபோதும் அரசுக் கம்பெனிகள் விலையைத் தொடவில்லை (நடுவில் ஐந்து மாநிலத் தேர்தல் வந்தது, அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை). நஷ்டத்துக்கு விற்க முடியாத தனியார்கள் விலையைக் கூட்டினார்கள், அல்லது விற்பனையைச் சுருக்கினார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு டீசல் லிட்டருக்கு 25 ரூபாய் வரை கூடிப்போனதால் பஸ், லாரிக்காரர்களும் சில்லறைக்கு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மூன்று நாள் தாங்கவேண்டிய டீசல் ஒன்றரை நாளில் தீர்ந்தது. 2023-இல் கச்சா இறங்கியபோது கதை அப்படியே திரும்பி, பல மாநிலங்களில் தனியார்கள் ஒரு ரூபாய் குறைத்து விற்றார்கள்.

தக்காளி வரத்து குறைந்தால் விலை ஏறும். இங்கே சரக்கு குறைந்தால் விலை ஏறாது, வரிசைதான் நீளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது, ரோடு அறுந்து டேங்கர் வரவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு ஆள் ஆளுக்குக் கேனோடு நின்றார்கள், ரேட் போர்டில் மட்டும் ஒரு பைசா மாறவில்லை. பக்கத்திலேயே 'ஸ்டாக் இல்லை' அட்டை. சரக்கு மிச்சமிருந்த பங்கிலும் டேங்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பேஸ்ட் தடவிய அளவுக் கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் விற்றோம். பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கிவிடும், வண்டி பாதி வழியில் நிற்கும்.

ஆகவே கண்ணை போர்டில் வைக்காதீர்கள், மிஷினில் வையுங்கள். பூஜ்ஜியத்தைப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். அடர்த்தி எண் (கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது) பில்லிலோ மிஷினிலோ இருக்கும், பெட்ரோலுக்கு 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிய கணக்கில் 720-க்கும் 775-க்கும் நடுவில் இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்ட வேண்டியது எங்கள் வேலை. முகத்தைச் சுளித்தால் அடுத்த பங்குக்குப் போங்கள், ரேட் அங்கேயும் இதேதான்.