காண்ட்ராக்ட் இயர்: ஒப்பந்த ஆண்டா, முடிவாண்டா?

அண்ணன் மகன் இப்போதுதான் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். விடிகாலை ஆட்டம் ஒன்றைச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "சித்தப்பா, இவருக்கு இது காண்ட்ராக்ட் இயர்னு சொல்றாங்களே, அப்ப டெம்பரவரியாதான் எடுத்திருக்காங்களா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. காண்ட்ராக்ட் என்று காதில் விழுந்தாலே நமக்கு ரோடு போடும் காண்ட்ராக்டர் நினைவுக்கு வருவார். இல்லையென்றால், பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. தமிழுக்குள் வந்தபோது அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட பொருள் அது. திரையில் ஓடிக்கொண்டிருந்தவரோ நாலாவது வருடமாக அதே அணியில் ஆடுகிறவர், மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்.

சரி, காண்ட்ராக்ட் இயர் என்பது என்ன? ஒரு வீரர் அணியோடு போட்ட ஒப்பந்தத்தின் கடைசி வருடம். அந்த ஜூன் 30ஆம் தேதியோடு கணக்கு முடிகிறது. ஜூலையில் புது ஒப்பந்தம் போட வேண்டும், அதே அணியோடோ வேறு அணியோடோ. அடுத்த நாலைந்து வருடச் சம்பளத்தை இந்த ஒரு சீசன் ஆட்டம் பெரிதும் தீர்மானித்துவிடும். அதனால்தான் கமெண்ட்ரியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேஸ்பால்காரர்கள் இதையே வாக் இயர் என்பார்கள், நடையைக் கட்டும் உரிமைக்கு முந்தைய வருடம் என்ற பொருளில்.

இதே சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வணிக ஒப்பந்தங்களிலும் குத்தகைப் பத்திரங்களிலும் ஒப்பந்தம் தொடங்கும் நாளிலிருந்து எண்ணும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் ஒரு காண்ட்ராக்ட் இயர்தான். ஐந்து வருடக் குத்தகை என்றால் ஐந்து காண்ட்ராக்ட் இயர். ‘ஒப்பந்த ஆண்டு’ என்ற நேர் மொழிபெயர்ப்பு அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். விளையாட்டில் பொருந்தாது. ‘இது அவருடைய ஒப்பந்த ஆண்டு’ என்று படிக்கிறவருக்கு, இந்த வருடம்தான் ஒப்பந்தம் போட்டார் போலிருக்கிறது என்றே தோன்றும். நடப்பதற்கு நேர் எதிரான பொருள்!

விளையாட்டில் இந்தச் சொல்லுக்கு எடை வந்தது எப்படி? ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அந்த அணிக்கே உரியவர் என்ற நிலை அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வெகுகாலம் இருந்தது. கடைசி வருடம் நன்றாக ஆடினாலும் வேறு இடம் போக வழியில்லை, அப்புறம் அந்த வருடத்துக்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு? கூடைப்பந்தில் இதை உடைக்க வழக்குப் போட்டவர் ஆஸ்கர் ராபர்ட்சன், 1970இல், வீரர் சங்கத் தலைவராக இருந்தபோது. 1976இல் அது சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகும் சில தடைகள் நீடித்தன. 1988இல் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குப் போனபோதுதான், பழைய அணியால் தடுக்கவும் முடியாமல் ஈடு கேட்கவும் முடியாமல் ஒரு வீரர் முழுச் சுதந்திரத்தோடு இடம் மாறினார். ஒரு தலைமுறை வீரர்கள் போராடி வாங்கிய உரிமை இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதனாலேயே இதற்கு நல்ல தமிழ் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வருடத்தில் எழும் விவாதம் எப்போதும் ஒன்றுதான்: இவர் உண்மையிலேயே வளர்ந்துவிட்டாரா, இல்லை பணத்துக்காக ஒரு வருடம் மட்டும் மூச்சைப் பிடித்து ஓடுகிறாரா? இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம்.

ஜிம்மி பட்லர், அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் என்ற தேர்வில், 2011இல் 30ஆவது ஆளாக, முதல் சுற்றின் கடைசி ஆளாக, சிகாகோ புல்ஸுக்கு வந்தவர். முதல் சுற்றில் வருகிறவர்களுக்கு நாலு வருட ஒப்பந்தம். மூன்று வருடம் முடிந்ததும் அணி விரும்பினால் நீட்டிப்புப் பேசலாம். 2014 அக்டோபரில் பேசினார்கள். நாலு வருடத்துக்கு 40 மில்லியன் டாலருக்கு மேல் தர முன்வந்ததாகச் செய்திகள் சொல்லின. பட்லர் வேண்டாம் என்றுவிட்டு நாலாவது வருடத்தை ஆடப் போனார். முந்தைய சீசனில் அவர் சராசரி 13.1 புள்ளி, இந்த சீசனில் 20. அந்த வருடம் மிகவும் முன்னேறிய வீரர் என்ற விருதும் அவருக்குத்தான். 2015 ஜூலையில் அதே புல்ஸோடு ஐந்து வருடத்துக்கு 90 மில்லியனுக்கும் மேல் கையெழுத்தானது.

எரிக் டாம்பியர் கதை வேறு. கோல்டன் ஸ்டேட் அணியில் 2003-04 சீசனில் சராசரி 12.3 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). முந்தைய சீசனில் 8.2, 6.6. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்தார். ஏழு வருடத்துக்கு 70 மில்லியனுக்கும் மேல் கொடுத்து டாலஸ் எடுத்துக்கொண்டது. அங்கே ஆடிய ஆறு சீசனில் ஒன்றில்கூட அவர் சராசரி பத்துப் புள்ளியையோ பத்து ரீபவுண்டையோ தொடவில்லை.

இரண்டும் ஒரே மாதிரி ஏற்றமாகத்தான் தெரியும், ஆடிய நிமிடங்களைப் பார்க்காதவரை. பட்லர் இரண்டு சீசனிலும் ஆட்டத்துக்குச் சராசரி 38.7 நிமிடம் ஆடினார். நேரம் துளியும் கூடவில்லை, புள்ளி மட்டும் ஏழு கூடியது. எறிந்ததில் கூடைக்குள் விழுந்தது 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது 46க்கு ஏறியது. எதிராளி விதி மீறி இடித்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, ஆட்டத்துக்கு ஐந்தாக இருந்தது ஏழானது. எதிராளி நெஞ்சுக்கு நேரே பந்தோடு புகுந்து அடி வாங்கத் துணிந்தவருக்குத்தான் அந்த எண்ணிக்கை கூடும். டாம்பியரோ முந்தைய சீசனில் சுமார் 24 நிமிடம் ஆடியவர், 2003-04இல் 32க்கு மேல். பழைய வேகத்திலேயே அத்தனை நேரம் நின்றிருந்தாலும் 11 புள்ளி தானாக வந்திருக்கும். ரீபவுண்டில் மட்டும் உழைப்பு உண்மையாகவே தெரிந்தது, அதுவும் அந்த ஒரு வருடம்தான். வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்லருக்கு 25, டாம்பியருக்கு 28. இருபத்தைந்தில் ஒருவர் ஏறினால் அது பெரும்பாலும் வளர்ச்சி. ஏழெட்டு சீசன் ஆடியபின் திடீரென்று ஏறினால், காரணத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் செக்கில் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கே தமிழ் ஒரு உதவி செய்கிறது. விலை வேறு, மதிப்பு வேறு. ஜூலையில் கிடைப்பது விலை. எத்தனை அணி கையில் பணத்தோடு நிற்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். வீரர் ஆட்டத்துக்குள் கொண்டுவருவது மதிப்பு. டென்னிஸ் ஷ்ரூடர் என்ற வீரர் 2021இல் லேக்கர்ஸ் அணி தர முன்வந்த 84 மில்லியனை ஏற்கவில்லை என்று செய்திகள் வந்தன. அந்தக் கோடையில் பாஸ்டனில் ஒரே வருடத்துக்கு 5.9 மில்லியனுக்கு ஆட வேண்டியதாயிற்று. சில மாதத்தில் அவர் திறமை அந்த அளவுக்கா குறைந்துபோகும்? விலைதான் விழுந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். காண்ட்ராக்ட் என்பதற்கு லத்தீனில் அடிப்பொருள் ‘சேர்த்து இழுத்தல்’. நம் ஒப்பந்தத்தின் வேர் ஒப்பு, அதாவது மனம் இசைதல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. ஆண்டு என்பதன் பழைய வடிவம் யாண்டு. யானை ஆனையானது போல யகரம் உதிர்ந்து ஆண்டானது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் பெயருக்குப் பின் யாண்டு என்று போட்டு எண் எழுதியிருப்பார்கள், அவன் முடிசூடியதிலிருந்து எண்ணி. ஒப்பந்தத்தின் முதலாண்டு, இரண்டாமாண்டு என்று தொடக்கத்திலிருந்து எண்ணுவதும் அதே முறைதான்.

‘ஒப்பந்த இறுதியாண்டு’ என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம், கல்லூரி இறுதியாண்டு போல உடனே புரியும். ஆனால் டாம்பியருக்கு அது காகிதத்தில் இறுதியாண்டு கிடையாது. முறித்துக்கொள்ளும் உரிமை இருந்தது, பயன்படுத்திக்கொண்டார். அதனால் என் தேர்வு ‘ஒப்பந்த முடிவாண்டு’. முடிதல் என்றால் தீர்தல். முடித்தல் என்றால் கட்டுதலும் உண்டு, முடிச்சு அதிலிருந்து வந்ததுதான். முடிவு என்றால் கடைசி, தீர்மானம் என்று இரண்டு பொருளும் அன்றாடப் பேச்சிலேயே இருக்கின்றன. ஒப்பந்தம் முடிகிற, அல்லது முடித்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிற ஆண்டு. ஆங்கிலச் சொல்லில் இல்லாத தெளிவு இதில் இருக்கிறது.

கூட வரும் சொற்களையும் இப்படியே அமைக்கலாம். எக்ஸ்டென்ஷனுக்கு நீட்டிப்பு, பணி நீட்டிப்பு என்று நாளும் படிக்கிறோம். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜெண்ட்டுக்குச் சுயேச்சை வீரர். தேர்தல் அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுசேர்த்துவிட்டது. ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜெண்ட் கொஞ்சம் சிக்கல். வேறு அணி விலை சொல்லலாம், அதே விலையைக் கொடுத்துப் பழைய அணி தக்கவைத்துக்கொள்ளலாம். 2022இல் டியாண்ட்ரே ஏட்டனுக்கு இண்டியானா நாலு வருடத்துக்கு 133 மில்லியன் சொன்னது, ஃபீனிக்ஸ் அன்றே அதை ஈடுகட்டி அவரை வைத்துக்கொண்டது. இவரை ‘வரம்புள்ள சுயேச்சை வீரர்’ எனலாம்.

இனி எழுதும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: ‘2014-15 பட்லரின் ஒப்பந்த முடிவாண்டு. நீட்டிப்பை மறுத்துவிட்டு ஆடினார்.’ ‘ஏட்டன் தன் முடிவாண்டுக்குப் பின் வரம்புள்ள சுயேச்சை வீரரானார்.’ முதல் வாக்கியத்தை அண்ணன் மகனிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அடுத்த வருஷம் வேற டீமுக்குப் போயிடலாமா?" என்றுதான் கேட்டான்.