ஒரு மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, உள்ளே எவ்வளவு?

நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகர் ஒருவர் பாக்டீரியாவைக் கொல்லும் எல்எல்-37 என்ற பெப்டைடைப் (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி) பற்றிக் கேட்டிருக்கிறார். வாங்கிய குப்பியின் தூய்மை 98 சதவீதம் என்று சான்றிதழ் சொல்கிறது. கட்டுரைகளில் படித்த அதே செறிவில் போட்டால் இவருடைய பாக்டீரியா மட்டும் சாவகாசமாக வளர்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

அநேகமாக இல்லை. சான்றிதழ் சொல்வதும் உண்மை, இவர் போட்ட கணக்கிலும் பிசகு இருக்காது. இரண்டும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகின்றன, அவ்வளவுதான். இந்தப் பெப்டைடு எந்தக் குணத்தால் பாக்டீரியாவைக் கொல்கிறதோ, அதே குணத்தால்தான் ஆய்வகத்தில் நம்மையும் படுத்துகிறது. அந்தக் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளில் கேதலிசிடின் என்று ஒரு குடும்பம் உண்டு. மனித உடலில் அதற்கு இருக்கும் ஒரே வாரிசு எல்எல்-37. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களுக்குள் எச்கேப்-18 என்ற பெரிய புரதமாகச் செயலற்றுக் கிடக்கும். தேவை வரும்போது புரோட்டினேஸ்-3 என்ற நொதி அதன் வாலை நறுக்க, 37 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு வெளியே வரும். 1995இல் சுவீடன் ஆய்வாளர்கள் மரபணு வரிசையைப் படித்து, 39 அமினோ அமிலங்கள் இருக்கும் என்று கணித்தார்கள். பிறகு உடலிலிருந்து பிரித்தெடுத்தபோது 37தான் இருந்தது. கோஸ்ட்மன் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் நியூட்ரோஃபில்களில் இந்தப் பெப்டைடு இல்லை என்று 2002இல் தெரியவந்தது. மருந்து கொடுத்து நியூட்ரோஃபில் எண்ணிக்கையை உயர்த்திய பிறகும் அவர்களை ஈறு நோய் விடாமல் துரத்துகிறது.

இனி எனக்குப் பிடித்த இடம். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். சரி, எல்எல்-37இன் வரிசையை எடுத்துக்கொண்டு 13, 17, 20, 24, 27, 31 ஆகிய இடங்களை மட்டும் பாருங்கள். ஐசோலூசின், ஃபீனைல்அலனின், ஐசோலூசின், ஐசோலூசின், ஃபீனைல்அலனின், லூசின். ஆறுமே தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி, கொழுப்போடு ஒட்டிக்கொள்கிறவை. இடைவெளிகளை எண்ணுங்கள்: 4, 3, 4, 3, 4. ஐந்து இடைவெளிகளின் கூட்டுத்தொகை 18, சராசரி 3.6!

அதாவது, நீட்டிப் பார்த்தால் சிதறிக் கிடக்கும் இந்த ஆறும், சங்கிலி சுருண்டதும் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கும். சுருளுக்குக் கொழுப்புப் பக்கம் ஒன்று கிடைத்துவிடுகிறது. மறுபக்கத்தில் லைசின்களும் ஆர்ஜினின்களும். மொத்தம் 6 லைசின், 5 ஆர்ஜினின், ஆக 11 நேர்மின்னூட்டம். எதிர்மின்னூட்டம் உள்ளவை ஐந்துதான். கழித்தால் மிச்சம் +6.

வேடிக்கை என்னவென்றால், சுத்தமான தண்ணீரில் இந்தச் சுருள் உருவாவதே இல்லை. பெப்டைடு தொளதொளவென்று கிடக்கும். உப்புகள் சேர்ந்தாலோ, பாக்டீரியாவின் சவ்வு அருகில் வந்தாலோதான் சுருளும். பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்னூட்டம் நிறைந்தது. நேர்மின்னூட்டம் கொண்ட பக்கம் அதை நோக்கி ஈர்க்கப்படும், கொழுப்புப் பக்கம் சவ்வுக்குள் அமிழும். பாய் விரித்த மாதிரி பெப்டைடுகள் பரப்பின்மேல் படுத்துக்கொள்கின்றன. கூட்டம் ஒரு அளவைத் தாண்டினால் சவ்வு பிய்ந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். நம் செல்களோ எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்புகளைச் சவ்வின் உள்பக்கமாக வைத்துக்கொண்டு, வெளியே நடுநிலையானவற்றைக் காட்டுகின்றன. கொலஸ்டிராலும் சவ்வைக் கெட்டியாக்குகிறது. அதனால் நம் செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. செறிவு கூடினால் சிவப்பணுக்களும் உடையும்.

குப்பிக்கு வருவோம். கடையில் கிடைக்கும் எல்எல்-37 எவருடைய ரத்தத்திலிருந்தும் வருவதில்லை. 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு காட்டிய வழியில், பிசின் மணிகளின்மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துச் செய்வது. 1984இல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்காகத்தான். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் வெற்றி என்றாலும் 36 இணைப்புகள் முடிந்தபின் முழுச் சங்கிலி 70 சதவீதம்தான் மிஞ்சும். மற்றவை எல்லாம் ஏதோ ஒன்று விடுபட்ட அரைகுறைகள். அவற்றைப் பிரித்தெடுத்த பிறகு வருவதுதான் அந்த 98 சதவீதம்.

பெப்டைடை மணியிலிருந்து கழற்றவும், பிறகு தூய்மைப்படுத்தவும் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் பயன்படுகிறது. எல்எல்-37இல் 11 நேர்மின்னூட்டங்கள், முன்முனையில் இன்னொன்று, ஆக 12. ஒவ்வொன்றோடும் ஒரு டிரைஃப்ளூரோஅசிட்டேட் ஒட்டிக்கொண்டு வரலாம். பெப்டைடின் எடை 4,493 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). ஒட்டிக்கொண்டவற்றின் எடை 12 பெருக்கல் 114, அதாவது 1,368. ஒரு மில்லிகிராம் தூளில் பெப்டைடு 0.77 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். தூள் உறிஞ்சிய ஈரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். சான்றிதழில் இருக்கும் 98, பெப்டைடுகளுக்குள்ளே எது எவ்வளவு என்ற கணக்கு. இப்படி ஒட்டிய உப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கிலேயே வராது. வாங்கும்போது நிகர பெப்டைடு அளவு என்ன என்று தனியாகக் கேளுங்கள். அசிட்டேட் உப்பாக மாற்றித் தரச் சொல்வதும் நல்லது. டிரைஃப்ளூரோஅசிட்டேட் வளர்ப்புச் செல்களைத் தொந்தரவு செய்யக்கூடியது.

நாமே அளந்துகொள்ளலாமே என்று, புரதம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் கருவியில் 280 நானோமீட்டரில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஒளியை உறிஞ்சும் டிரிப்டோஃபானும் டைரோசினும் இந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. நம்பகமான வழி அமினோ அமிலப் பகுப்பாய்வு: ஆறு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் வேகவைத்து, உதிர்ந்த அமினோ அமிலங்களை எண்ணுவது. பெரிய கருவி வாங்க மனமுவந்து மானியம் தரும் குழுக்கள், இந்தச் சின்னக் கட்டணத்தைக் கேட்டால் முகம் சுளிக்கின்றன. செறிவே தெரியாத திரவத்தை வைத்து மூன்று ஆண்டு ஆய்வு நடத்துவதற்கு மட்டும் ஆட்சேபம் இல்லை.

மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலைத் தாளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 4,493 என்ற இடத்தில் உச்சம் இல்லையே என்று பதற வேண்டாம். கருவி காட்டுவது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண். மின்தெளிப்பு முறையில் பெப்டைடு நான்கு, ஐந்து, ஆறு புரோட்டான்களை ஏற்றிக்கொண்டு பறப்பதால் 1,124, 900, 750 ஆகியவற்றை ஒட்டி உச்சங்கள் தெரியும். அவைதான் சரியான அடையாளம்.

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கும்போதே அறை வெப்பநிலைக்கு வரட்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் தூளின்மேல் படியும். பஞ்சுபோன்ற தூள் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும், ஒரு நொடி சுழற்றி இறக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சமாக அள்ளி எடை போடுவது வீண் வேலை. முழுக் குப்பியையும் கரைப்பதே மேல். முதலில் கிருமி நீக்கிய தண்ணீரில். நேராக உப்புக் கரைசலில் போட்டால் சுருண்டு ஒன்றோடொன்று திரளும். அப்புறம் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அது அவ்வப்போது சூடாகி மறுபடி குளிர்வது பெப்டைடுக்கு ஆகாது.

பிளாஸ்டிக் இன்னொரு திருடன். சாதாரண வளர்ப்புத் தட்டுகள் பாலிஸ்டைரீன். நேர்மின்னூட்டமும் கொழுப்புப் பக்கமும் உள்ள பெப்டைடு அதில் அப்பிக்கொள்ளும். நீர்க்க நீர்க்க இழப்பின் விகிதம் ஏறும். இப்படிப்பட்ட பெப்டைடுகளுக்கான சோதனைகளில் பாலிப்ரொப்பிலீன் தட்டையும், 0.01 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.2 சதவீத ஆல்புமின் புரதம் கலந்த, நீர்க்கச் செய்யும் கரைசலையும் பயன்படுத்துவது இதனால்தான்.

நோய் எதிர்ப்புச் செல்களில் சோதிக்கிறவர்களுக்கு எண்டோடாக்சின் (சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் நச்சு) பெரிய தலைவலி. தயாரிப்பில் துளி கலந்திருந்தாலும் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கூச்சல் போடும், அதைப் பெப்டைடின் விளைவு என்று நாம் எழுதிவிடுவோம். எல்எல்-37 எதிர்மின்னூட்டம் கொண்ட எண்டோடாக்சினைக் கட்டிப்பிடித்து மறைத்துவிடுவதால் வழக்கமான சோதனையில் அளவு குறைவாகவே தெரியலாம். அதனால் அதே நிறுவனத்திடம், அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடையும் சேர்த்து வாங்குங்கள். எடை அதே, மின்னூட்டம் அதே. 4, 3, 4, 3, 4 மட்டும் குலைந்திருக்கும். அதுவும் செல்களைத் தூண்டினால் சந்தேகப்பட வேண்டும்.

இதே பெப்டைடை ‘எதிர்ப்பு சக்தி ஊசி’ என்று இணையத்தில் வாங்கித் தாங்களே குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது தாயத்து கட்டுவதைவிட மோசமாகப் படுகிறது, தாயத்தாவது ரத்தத்தில் கலக்காது. சோரியாசிஸ் என்ற தோல் நோயில் எல்எல்-37 நம்முடைய டிஎன்ஏவையே பிடித்துக்கொண்டு, அதைக் கிருமியினுடையது என்று செல்களை நம்பவைப்பதாக 2007இல் காட்டினார்கள். டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதானே. மாஸ்ட் செல்களிலிருந்து ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமினையும் இது கிளப்பிவிடும். ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிய குப்பிக்குள் கிருமி நீக்கம் நடந்ததா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வாசகரின் கடிதத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது: பாக்டீரியாவை எந்த வளர்ப்பு ஊடகத்தில் சோதித்தார்? கால்சியம், மக்னீசியம் சேர்த்துச் சரிசெய்த முல்லர்-ஹின்டன் என்ற வழக்கமான ஊடகம் என்றால், அந்த அயனிகள் பாக்டீரியாவின் பரப்பில் பெப்டைடு பிடிக்க வேண்டிய இடங்களுக்குப் போட்டி போடும். உப்பு கூடினாலும் ஈர்ப்பு மங்கும். சீரம் கலந்த ஊடகம் என்றால் அதிலுள்ள அபோலிப்போபுரோட்டீன் ஏ-1 என்ற புரதம் பெப்டைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிகர அளவைத் திருத்திக்கொண்டு, சேர்க்கைகள் இல்லாத முல்லர்-ஹின்டனில் பாலிப்ரொப்பிலீன் தட்டில் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். அப்போதும் பாக்டீரியா வளர்ந்தால் விற்றவரிடம் சண்டைக்குப் போகலாம்.