குடையை ஊன்றி வரும் ஆ மா

வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளிலும் நீளமான குடையோடு நடக்கும் சீனப் பாட்டிகளை, 'ஆ மா' என்று இங்கே கூப்பிடுவோமே அவர்களை, சிங்கப்பூரில் மீனும் காய்கறியும் விற்கும் எந்த ஈரச்சந்தையிலும் பார்க்கலாம். குடையை விரிக்க மாட்டார்கள், ஊன்றி நடப்பார்கள். இன்னும் சிலர் இரண்டு சக்கரச் சந்தை வண்டியைப் பிடித்தபடி வருவார்கள். உள்ளே ஒரு கட்டுக் கீரைகூட இருக்காது.

நான் முதியோருக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் குடைகளோடு எனக்கு ஓயாத மல்லுக்கட்டு. குடை உடம்பின் பாரத்தைத் தாங்காது, ஈரத் தரையில் முனை வழுக்கும். கைத்தடி என்றால் உயரத்தை மாற்றலாம்: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்வேன். தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் மறுபடி குடை. "ஒத்துழைக்கவில்லை" என்று அவர்கள் கோப்பில் நானே எழுதியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என் நினைப்பை மாற்றியவர், சீன வட்டார மொழிகளில் ஒன்றான ஹொக்கியன் பேசும் 78 வயதுப் பாட்டி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார். கைத்தடியை நீட்டினேன், தொடவே இல்லை. அந்தத் தலைமுறைச் சீனர்கள் நம்மவர்களோடு பேசும் சந்தை மலாயில் சொன்னார்: "மிஸ்ஸி, குடையோடு போனால் நான் சந்தைக்குப் போகிற ஆள். இதோடு போனால் சுடா துவா." கிழவியாகிவிட்டேன் என்று அர்த்தம். அடுக்குமாடி புளோக்கில் நாலு பேர் பார்ப்பார்கள், மகனுக்கும் நன்றாயிருக்காது என்றார். "எந்த முகத்தோடு வெளியே போவது" என்று நாம் சொல்வோமே, அந்த முகம்தான் இது. சீனத்தில் மியன்ஸி என்பார்கள்.

சீனர்கள் முதியவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள், அவர்களுக்கு மூப்பில் என்ன குறை என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. கொண்டாடுவது உண்மைதான். 'லாவ்' என்றால் மூத்தது. ஆசிரியரை லாவ்ஷி, முதலாளியை லாவ்பான் என்று அழைப்பதில் அந்தச் சொல்தான் மரியாதையாக நிற்கிறது. பெரிய பிறந்தநாள்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டி நூடுல்ஸும் பீச் பழ வடிவ பன்னும் வைப்பார்கள். எழுபது வயதில் மனம் போன போக்கில் போனாலும் தான் வரம்பு மீறவில்லை என்று கன்பூசியஸ் சொன்னதாக மரபு.

ஆனால் ஊர் தருகிற மரியாதை வேறு, ஒருவர் தன்னைப் பற்றி உள்ளுக்குள் வைத்திருக்கும் மதிப்பு வேறு. நான் பார்க்கும் பாட்டிகளில் பெரும்பாலோர் 1949-க்குள் பிறந்தவர்கள். இங்கே முன்னோடித் தலைமுறை என்று அழைக்கப்படுபவர்கள். பலருக்குப் பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கைதான் சோறு போட்டது. அந்தக் கை ஓய்ந்ததும் அவர்கள் வாயில் வருகிற ஹொக்கியன் சொல், 'போ லோ யோங்'. எதற்கும் உதவாதவள் என்று பொருள். முகச்சுருக்கத்தைப் பற்றி வருத்தப்பட்டு என்னிடம் பேசியவர்கள் மிகக் குறைவு. இந்தச் சொல்லைக் கேட்காத வாரம் கிடையாது.

இதை வெறும் புலம்பல் என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோவில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம் மூப்பை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. அதை நடத்திய உளவியலாளர் பெக்கா லெவி, 1994-இல் எலன் லாங்கர் என்ற இன்னொரு உளவியலாளருடன் சேர்ந்து சீன, அமெரிக்க முதியவர்களின் ஞாபகசக்தியை ஒப்பிட்டிருந்தார். அதில் சீன முதியவர்கள் முந்தினார்கள். மூப்பை அவர்கள் நல்லவிதமாகப் பார்த்ததே காரணம் என்பது அந்த ஆய்வின் முடிவு. பின்னால் கனடாவில் வாழும் சீனர்களிடம் செய்த ஆய்வில் அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை. சீனராகப் பிறந்தாலே மூப்பு இனிக்கும் என்று நினைக்க இடமில்லை. பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சீனா 2013-இல் சட்டத்தையே அமலாக்க வேண்டி வந்தது. சிங்கப்பூரில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-லேயே வந்துவிட்டது.

தாதிமை இல்லங்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மனம் சோர்ந்த சீன முதியவர் "கவலையாக இருக்கிறது" என்று சொல்வது அபூர்வம். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்பார். முதலில் உடம்பைச் சோதிக்க வேண்டும், சரி. அங்கே ஒன்றும் இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள். உதவாதவள் என்ற பேச்சு இரண்டு வாரமாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாவதே மேல் என்று சொன்னால் அன்றைக்கே சொல்லுங்கள். பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அடிக்கடி கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டியிருக்குமே என்று. அப்புறம் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். விழுந்ததையும் மறைப்பார்கள். இதையெல்லாம் மகன், மருமகள் எதிரில் கேட்டால் பதில் வராது. தனியாக, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

அந்த ஹொக்கியன் பாட்டி கதைக்கு வருகிறேன். சீன நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருநாள். அதற்கு வருடா வருடம் நூறு பாக் சாங் கட்டுவாராம். ஒட்டரிசி, பன்றி இறைச்சி, காளான், செஸ்நட் வைத்து மூங்கில் இலையில் பொதிந்து அவிப்பது அது. அந்த வருடம் மகள் கடையில் வாங்கிவிட்டாள். "மா, நீங்க சும்மா உட்காருங்க." மகள் பாசத்தோடுதான் சொன்னாள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து பாட்டி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்.

மகளிடம் பேசி, அடுத்த வாரப் பயிற்சிக்கு ஊறவைத்த இலையும் நூலும் அரிசியும் கொண்டுவரச் சொன்னேன். மேசை அருகே நின்றபடி கட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. முதல் நாள் நான்கு நிமிடம் நின்றார். இலையைக் கூம்பாக மடித்து, அரிசியை அமுக்கி, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துச் சுற்றிய வேகத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் கட்டியதைப் பார்த்து, தளர்ந்திருக்கிறது, வேகும்போது அரிசி வெளியே வந்துவிடும் என்று அவிழ்த்துப்போட்டார்.

மூன்றாவது வாரம் இருபது நிமிடம் நின்றார். போகும்போது, மூங்கில் இலை வாங்கத் தானே சந்தைக்குப் போக வேண்டும் என்றார். அங்கே தரை எப்போதும் ஈரம். சுவரில் சாய்த்திருந்த தடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உயரத்தைச் சரிபண்ணித் தரச் சொன்னார்.