இடம் மாறிய ஆர்கன் அதே குரலில் பாடுமா?

பழைய பைப் ஆர்கனை, அதாவது நூற்றுக்கணக்கான குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய இசைக்கருவியை, ஒரு தேவாலயத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டினால் அதே ஒலி வருமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கழற்றுவதும் பூட்டுவதும் முடியாத காரியமில்லை. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியின் ராட்சத ஆர்கனை 13 சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1911இல் அங்கே ஒரு பெரிய கடைக்குள் அது ஒலித்தது. குழாய்களுக்கு எண் போட வேண்டும், துருத்தித் தோலை மாற்ற வேண்டும், ஈயக் கலவைக் குழாய்கள் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை இருந்தால் போதும். சிக்கல் குழாயின் வாயில்தான்.

குழாயின் அடியில் ஒரு மெல்லிய கீறல். அதன் வழியே காற்று தகடு போலப் பீறிட்டு மேல் உதட்டில், அதாவது வாய்த்திறப்பின் மேல் விளிம்பில், மோதுகிறது. தகடு உள்ளே சாய்ந்தால் ஓர் அழுத்தத் துடிப்பு குழாயில் மேலேறும். திறந்த முனையில் பட்டுத் திரும்பி வந்து, அதே தகட்டை ஆட்டிவிடும். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. 8 அடிக் குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 65 முறை! குழாயை ஒலிக்கவைப்பது காற்று. அந்தக் காற்றை ஆட்டுவிப்பது குழாய். எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் அலுப்பதில்லை.

கீறலிலிருந்து உதட்டை எட்டக் காற்றுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அழுத்தத்தைக் கூட்டினால் அது சீக்கிரம் எட்டிவிடும், சுருதி மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். புல்லாங்குழல்காரர் இதைத் தன் உதட்டாலேயே நொடிக்கு நொடி சரிசெய்துகொள்வார். ஆர்கன் குழாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் உதட்டுக்குச் செய்தவர் வெட்டிவைத்த உயரம்தான்.

புதிய தேவாலயம் பெரியதாக இருந்தால், "காற்றைக் கூட்டு, உதட்டை உயர்த்தி வெட்டு" என்ற யோசனை தவறாமல் வரும். என்னைக் கேட்டால், கூடவே கூடாது. வெட்டிய உலோகம் திரும்ப வளராது. பழைய குரல் அதோடு போயிற்று. பழைய ஈயத்துக்கு ஆன்மா உண்டு, அது எப்படியும் பாடிவிடும் என்பவர்களும் உண்டு. குழாய்ச் சுவர் எந்த உலோகம் என்பதைவிட வாயின் வடிவம்தான் குரலை அதிகம் தீர்மானிக்கிறது.

சரி, புதிய இடத்தின் வெப்பநிலை? 10 டிகிரி கூடினால் ஒலியின் வேகம் சுமார் 1.8 சதவீதம் ஏறும். சுருதியும் கூடவே ஏறும், கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பித்தளை நாக்கு வைத்த குழாய்கள் அவ்வளவாக அசையாது. இரண்டும் பிசகி நிற்கும். அப்போது சுருதி சேர்ப்பவர் மற்றக் குழாய்களைத் தொடமாட்டார். எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழாய்களில் நாக்கை அழுத்திப் பிடிக்கும் கம்பியை மட்டும் மெல்லத் தட்டி, அவற்றை மற்றவற்றோடு சேர்த்துவிடுவார்.